விண்டோஸ் 10 நிகழ்வு ஆய்வு: பச்சை டிக் தெரிகிறது, பேட்ச் வருவதில்லை

2015 ஜூலை 29-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்தன. மறுநாள் எந்த மெஷினும் படுத்துவிடவில்லை. பிரவுசர் திறந்தது, பிரிண்டர் ஓடியது, டாஸ்க்பாரில் இருக்கும் கேடய ஐகானில் பச்சை டிக்கும் அப்படியே இருந்தது. ஏமாற்றுவது அந்த டிக்தான். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஓடுகிறது, அதன் வைரஸ் பட்டியல் புதிதாக இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்தப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் நெட்வொர்க் சேவைகளிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் மட்டும் வராது.

சப்போர்ட் முடிந்த தேதி என்று ஒன்றைச் சொல்கிறோமே தவிர, உள்ளே பல தேதிகள் இருக்கின்றன. இயங்குதளத்தின் இலவச பேட்ச் முடிந்தது 2025 அக்டோபர் 14. அதே நாளில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் சப்போர்ட் முடிந்தது; இதைக் கவனித்தவர்கள் குறைவு. தனிநபர்களுக்கான பேட்ச் நீட்டிப்பு (இஎஸ்யு) 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்கள் காசு கொடுத்தால் 2028 அக்டோபர் 10 வரை. விண்டோஸ் 10-இல் ஓடும் மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் அதே 2028 அக்டோபர் 10 வரை. எட்ஜ் பிரவுசருக்கும் குறைந்தது 2028 அக்டோபர் வரை. இவற்றோடு, நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டின் சான்றிதழ் விவகாரம் ஒன்றும் உண்டு. 2011-இல் உருவாக்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகத் தொடங்குகின்றன. உங்கள் மெஷின் இவற்றில் எதை நம்பி ஓடுகிறதோ, அந்தத் தேதிதான் உங்களுக்கான கெடு.

பேட்ச் இல்லாத மெஷினுக்கு ஆபத்து எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் வழிகளை எடைபோட முடியும். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுகிறது. விண்டோஸ் 11-க்கும், நீட்டிப்பில் இருக்கும் விண்டோஸ் 10-க்கும் அது போய்ச் சேர்கிறது. பேட்ச் போடும் முன் இருந்த ஃபைலையும் பின் இருக்கும் ஃபைலையும் ஒப்பிட்டால் எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு விண்டோஸுக்கும் பொதுவான நிரல் வரிகள் ஏராளம். ஆகவே நீட்டிப்பில் சேராத விண்டோஸ் 10-இன் பலவீனங்கள் மாதாமாதம் தாமாகவே அம்பலமாகின்றன. பிரவுசர் புதிதாக இருப்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் இணையப் பக்கங்களை மற்ற ஃபைல்களிலிருந்து பிரித்து அடைக்கும் பிரவுசரின் சாண்ட்பாக்ஸ் நிற்பதே கெர்னலை நம்பி. பிரவுசரில் ஒரு ஓட்டையும் கெர்னலில் ஒரு ஓட்டையும் சேர்ந்தால் வேலி இரண்டும் போய்விடும்.

இதற்காகப் பதறவும் வேண்டியதில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட, 2017 மே 12-இல் பரவிய வான்னக்ரை என்ற தீநிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அது புகுந்த ஓட்டைக்கு மார்ச் 14-இலேயே பேட்ச் வந்துவிட்டது. சப்போர்ட் முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மறுநாளே அவசர பேட்ச் கொடுத்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போதும் பாதுகாப்பு பேட்ச் வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7. பேட்ச் வந்தும் போடாமல் விட்ட மெஷின்கள் அவை. விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டு அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிவைப்பவருக்கும் இதே நிலைதான்.

மெஷின் எந்த ரகம்

எந்த இயங்குதளம் என்று யோசிக்கும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பிராசஸரின் மாடல் எண், பூட் முறை, இந்த மெஷினில் மட்டுமே ஓடும் சாஃப்ட்வேர் ஏதாவது உண்டா என்பது. முதல் இரண்டும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் ஜன்னலிலேயே இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். "பயாஸ் மோட்" என்ற வரியில் லெகசி (பழைய பூட் முறை) என்றோ யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றோ போட்டிருக்கும்.

விண்டோஸ் 11 கேட்பது: 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் வசதி, பாதுகாப்புக் கீகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0. பிராசஸரில் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். 7-ஆம் தலைமுறையில் ஐ7-7820எச்க்யூ போன்ற ஒரு சில மட்டும் விதிவிலக்கு. பிராசஸர் பட்டியலில் இல்லையென்றால் அது உண்மையான தடை. மற்றவை பெரும்பாலும் செட்டிங் பிரச்சினைதான். "தகுதி இல்லை" என்று செய்தி வந்த உடனே புதிய மெஷினுக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள்.

தகுதி இருந்தும் "தகுதி இல்லை" என்று வரும் மெஷின்

8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஆனால் யாரோ பழைய பழக்கத்தில் லெகசி முறையில் விண்டோஸ் 10 போட்ட மெஷின் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும் (யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி வடிவம் வேண்டும்), டிபிஎம் பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங் திரையில், அணைந்திருக்கும். இதற்கு ரீஇன்ஸ்டால் தேவையில்லை. ஆனால் செய்யும் வரிசை மாறக்கூடாது.

முதலில் முழு பேக்கப். அடுத்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பார்த்து, ரெகவரி கீயின் 48 இலக்கங்களையும் வெளியே எழுதி வைத்துவிட்டு, என்க்ரிப்ஷனைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். பயாஸில் டிபிஎம்மையோ செக்யூர் பூட்டையோ தொட்டால் அடுத்த பூட்டில் அந்த 48 இலக்கத்தைக் கேட்க வாய்ப்பு அதிகம். கீ அந்த டிஸ்க்குக்குள்ளேயே ஒரு ஃபைலாக இருந்தால் கதை முடிந்தது.

பிறகு விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை அட்மின் உரிமையில் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் "கன்வர்ட்" கொடுக்காமல் முதலில் "வேலிடேட்" கொடுங்கள். இரண்டுக்குமே, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதால், "அலவ்ஃபுல்ஓஎஸ்" என்ற ஸ்விட்சையும் சேர்க்க வேண்டும். வேலிடேட் தோற்றால் பெரும்பாலும் காரணம் பார்ட்டிஷன்தான்: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் டிரைவ் இருக்கவே கூடாது. ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்து வைத்த பழைய மெஷின்களில் டியும் ஈயும் பெரும்பாலும் லாஜிக்கல் டிரைவ்களே. அவற்றில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை அழித்துவிட்டு மறுபடி வேலிடேட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கன்வர்ட் முடிந்த பிறகுதான் பயாஸுக்குள் போய், லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்மை அணைத்து யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். வரிசையை மாற்றி முதலில் பயாஸைத் தொட்டவர்களுக்குப் "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும். டேட்டா எதுவும் போகவில்லை. செட்டிங்கைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் திரும்ப வரும். சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை கறுப்பாகவே நின்றால் கிராபிக்ஸ் கார்டு யுஇஎஃப்ஐக்கு முந்தைய காலத்தது. அதைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டின் சொந்த போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிபிஎம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரில், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். செக்யூரிட்டி மெனுவில் இல்லாவிட்டால் அட்வான்ஸ்டு மெனுவில் தேடுங்கள். தனியாக டிபிஎம் சிப் வாங்கிப் பொருத்த வேண்டியது இந்தத் தலைமுறை மெஷின்களில் அரிது. செக்யூர் பூட் "எனேபிள்டு, நாட் ஆக்டிவ்" என்று நின்றால் கீகள் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். "இன்ஸ்டால் டிஃபால்ட் கீஸ்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கடைசியில் விண்டோஸ் 11 தகுதியைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டினால் பச்சை காட்டும்.

அப்கிரேட் ஆனபின் பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் அப்கிரேட் என்ற பேச்சே கிடையாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. பிராசஸர் ஒத்துழைத்தாலும் புதிதாகவே போட வேண்டும்.

தகுதியில்லாத மெஷினில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. ரூஃபஸ் கருவியில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கும் தேர்வு இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. மாதாந்திர பேட்ச் நடைமுறையில் வந்தாலும், வருடாந்திரப் பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஹோம், புரோ பதிப்புகளுக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆயுள் 24 மாதம்தான்: 23எச்2 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது, 24எச்2 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. அதோடு 24எச்2 முதல் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத பிராசஸரில் பூட்டே ஆகாது. கோர் 2 காலத்து மெஷின்கள் அத்தோடு வெளியே. வீட்டில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் செய்யலாம். வேறொருவர் மெஷினுக்கு இப்படிச் செய்து கொடுக்காதீர்கள். அடுத்த பதிப்பு வரும்போது அதை ஏற்ற அங்கே ஆள் இருக்காது.

நீட்டிப்பு: வாங்குவது அவகாசம்

இஎஸ்யு-வில் சேர மெஷின் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், எல்லா அப்டேட்டும் போட்டிருக்க வேண்டும், அட்மின் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" இணைப்பு வரும். மூன்று வழி: விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது ஒரே தடவை 30 டாலர். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு பேக்கப் நிபந்தனை இல்லாமலே இலவசம். ஆனால் 60 நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். ஒரு கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம்.

லோக்கல் கணக்கு மட்டுமே வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 30 டாலர் கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அலுவலக டொமைனில் சேர்ந்த மெஷின், அலுவலகம் எம்டிஎம் என்ற கருவியால் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மெஷின், ஒரே செயலியோடு பூட்டிய கியாஸ்க் முறையில் ஓடும் மெஷின் ஆகியவை இந்தத் தனிநபர் திட்டத்துக்குள் வராது. இணைப்பே தெரியவில்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள். இலவச வழியைத் தேர்ந்தெடுக்கும்போது செட்டிங்ஸோடு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களும் ஒன்டிரைவுக்கு ஏறத் தொடங்கினால் 5 ஜிபி சீக்கிரம் நிரம்பும். செட்டிங்ஸை மட்டும் விட்டு ஃபோல்டர்களை அணைத்துவிடலாம்.

நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு மெஷினுக்கு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு. மூன்று ஆண்டுக்கும் எடுத்தால் 61, 122, 244 என 427 டாலர். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதலாண்டுத் தொகையையும் சேர்த்தே கட்ட வேண்டும். முதலாண்டை வாங்கி அதற்குள் மாற்றத்தை முடிப்பது நியாயம். மூன்றாம் ஆண்டுக்குக் காசு கட்டுவது, மாற்றவே முடியாத சாஃப்ட்வேர் ஒன்று இருந்தாலொழிய, எங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

நீட்டிப்பில் சேர இன்னொரு காரணமும் உண்டு. செக்யூர் பூட்டுக்கான 2023 சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே மெஷினுக்குள் போகின்றன. நீட்டிப்பில் இல்லாத விண்டோஸ் 10-க்கு அவை வராது. பழைய சான்றிதழ் காலாவதியானாலும் மெஷின் பூட் ஆகும். பூட் தொடர்பான புதிய பாதுகாப்புதான் சேராது. பின்னாளில் புதிய சான்றிதழில் மட்டும் கையெழுத்திட்ட லினக்ஸ் பென் டிரைவைச் செருகினால் செக்யூர் பூட் அதைத் தடுக்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் வேலை நடக்கும்.

நிறுவனங்களுக்கான நீண்டகால சப்போர்ட் பதிப்பான எல்டிஎஸ்சி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி 13 வரை பேட்ச் உண்டு. ஐஓடி அல்லாத எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரி 12 வரைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுபவர்கள் அதிகம். தனிநபருக்கு இவற்றை மைக்ரோசாஃப்ட் விற்பதில்லை. மலிவாக விற்கப்படும் கீகள் பெரும்பாலும் வேறு யாருடைய லைசென்ஸிலோ பிய்த்தெடுத்தவை.

7-ஆம் தலைமுறை, சுழலும் டிஸ்க்: லினக்ஸ்

2016, 2017 காலத்து ஐ5, 8 ஜிபி ரேம் மெஷினில் குறை பிராசஸரில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி லினக்ஸ் மின்ட் 22 போட்டால் பிரவுசர், அலுவலக வேலை, வீடியோ எல்லாவற்றுக்கும் தாராளம். அதன் அடித்தளம் உபுண்டு 24.04, 2029 வரை அப்டேட் வரும். 2 ஜிபி ரேமில் ஓடும் என்று சொன்னாலும் 4 ஜிபிக்குக் கீழே பிரவுசர் திணறும். எஸ்எஸ்டி மாற்றுவதில் இன்னொரு லாபம்: பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே கழற்றி வைத்துவிடலாம்.

போடும் முன் 8 ஜிபி பென் டிரைவில் லைவ் முறையில் பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் ஸ்லீப்பிலிருந்து எழுவது, பிரிண்டர் ஆகிய ஐந்தையும் சோதியுங்கள். பிராட்காம் சிப் வைஃபை முதலில் தெரியாமல் போகலாம். போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கினால் வந்துவிடும். நெட்வொர்க்கில் இருக்கும், ஏர்பிரிண்ட் ஆதரிக்கும் பிரிண்டர்கள் டிரைவர் இல்லாமலே ஓடும். பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டும் பழைய மலிவு லேசர்கள்தான் தகராறு செய்யும்.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் சாட்டா முறை "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்று இருக்கும். அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் நேரடியாக மாற்றக்கூடாது, நீலத்திரை வரும். முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய், பிறகு டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் பார்ட்டிஷன் லினக்ஸில் படிக்க மட்டும் திறந்து, எழுத மறுத்தால், விண்டோஸை முழுதாக மூடாமல் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடும்.

டேட்டா இழப்பு நடப்பது இன்ஸ்டாலில் அல்ல, பேக்கப் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில். குரோமின் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அது விண்டோஸ் கணக்கின் கீயால் பூட்டப்பட்டது. பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து எடுத்து, புது இடத்தில் ஏற்றியதும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டுகள் அதில் வெறும் எழுத்தாகவே இருக்கும். ஒன்டிரைவில் மேகக் குறியோடு தெரியும் ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து இறங்கி முடிந்த பிறகே காப்பி செய்ய வேண்டும். அவுட்லுக் மெயிலை தண்டர்பேர்டுக்கு மாற்றுவதென்றால் விண்டோஸை அழிக்கும் முன்பே, அவுட்லுக் இருக்கும் அதே மெஷினில் செய்து முடிக்க வேண்டும்.

தமிழ் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸுக்கானவை. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முறைகள் மூன்றும் கிடைக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் கைவிட்டுப் போகாது. அந்த எழுத்துரு ஃபைலையும் நிறுவினால் லிப்ரே ஆபீஸில் படிக்கும்படியே தெரியும். மேக்ரோ நிறைந்த எக்செல் ஷீட்கள்தான் உண்மையான முட்டுக்கட்டை. அப்படி ஒன்று தினசரி வேலையில் இருந்தால் அந்த மெஷினை லினக்ஸுக்கு மாற்ற வேண்டாம்.

பிரவுசர் மட்டுமே போதும் என்பவருக்கு குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் உண்டு. 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது, விண்டோஸோடு பங்கு போட்டு வைக்க முடியாது. டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சான்றளித்த மாடல் ஒவ்வொன்றுக்கும் அதற்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு, போடும் முன் பாருங்கள்.

மாற்றவே முடியாத மெஷின்

பழைய ஆய்வுக் கருவியையோ வெட்டு இயந்திரத்தையோ ஓட்டும் விண்டோஸ் 10 மெஷினுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல் போகலாம். அதை இணையத்திலிருந்து துண்டிக்க கேபிளைப் பிடுங்குவது சிறந்தது. உள் நெட்வொர்க் கட்டாயம் வேண்டும் என்றால் ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, இணையத்துக்கு வழிகாட்டும் டிஃபால்ட் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் காலியாக விடுங்கள். பிரிண்டரும் ஷேர் ஃபோல்டரும் வேலை செய்யும், வெளியே போக வழி இருக்காது. ஐபிவி6 டிக்கையும் மறக்காமல் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டர் தானாக அந்த வழியே கேட்வேயைக் கொடுத்துவிடும். இந்த ஏற்பாடு இணையத்தைத்தான் தடுக்கிறது, பக்கத்து மெஷினில் புகுந்த வைரஸைத் தடுக்காது. ஆகவே பழைய மெஷினில் எந்த ஃபோல்டரையும் ஷேர் செய்யாமல், ஷேரைப் புதிய மெஷினில் வைத்து, பழையது அங்கே போய் எடுத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். முழு டிஸ்க் இமேஜ் ஒன்றும் எடுத்து வையுங்கள். இந்த மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, வயதான ஹார்ட் டிஸ்க். அந்த சாஃப்ட்வேரின் இன்ஸ்டால் சிடி அதற்குள் எங்கோ தொலைந்திருக்கும்.

கழற்றி வைத்த பழைய விண்டோஸ் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். ஒரு மாதாந்திரக் கணக்கு முடிப்பு, ஒரு வரித் தாக்கல் போன்ற சுற்று ஒன்று முடியும்வரை வைத்திருந்தால் விட்டுப்போன ஃபைல் வெளியே வரும். அதன்பின் சுழலும் டிஸ்க் என்றால் முழுவதும் ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதுவது எல்லா செல்களையும் தொடாது. பயாஸிலோ தயாரிப்பாளரின் கருவியிலோ இருக்கும் செக்யூர் ஈரேஸைப் பயன்படுத்துங்கள்.